பந்துக்கு முன்னால் நகர்ந்தவர்கள்

பந்து இன்னும் தரையில்தான் கிடந்தது. அதற்குள் எதிரணியின் நடுவில் நின்ற தடித்த கழுத்துக்காரன் பின்னால் நகர ஆரம்பித்துவிட்டான். அவன் பக்கத்தில் நின்றவனும் நகர்ந்தான். அதற்கப்புறம்தான் எங்கள் பையன்கள் பந்தை எடுத்தார்கள், பாஸ் வீசினார்கள். பந்து யாருக்குப் போக வேண்டுமோ அவனுக்கு முன்னால் அந்தத் தடித்த கழுத்துக்காரன் வந்து நின்று, வாசலில் கூரியர் வாங்குகிற மாதிரி நிதானமாக வாங்கிக்கொண்டான்.

என் வாய் நிறைய எலுமிச்சை சாதம். "அவனுக்கு முன்னாடியே தெரியும்!" என்று அதோடு கத்தினேன்.

"எவனுக்கு என்னத்த தெரியும்? சோத்தை முழுங்கீட்டுப் பேசு," என்றாள் சித்தி. "வெளிச்சாப்பாடு கொண்டாரக்கூடாதுன்னு கேட்லயே போர்டு வெச்சிருக்கறான். நீ கத்தி ஊரைக் கூட்டு."

சித்திக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அங்கிள், கண்ணிலிருந்து பைனாகுலரை இறக்காமலே சொன்னார்: "பொண்ணு சொல்றது கரெக்ட்தாம்மா. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆனால் அந்த பைனாகுலர் எனக்குப் பிடிக்காமல் போனது அந்த நிமிடத்தில்தான்.

டெக்சஸில் இருக்கும் இந்த பிளானோவுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா அம்மா நியூ ஜெர்சியில். நான் புள்ளியியல் படித்துவிட்டு முதல் வேலைக்காக இங்கே வந்து, சித்தி வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். ஆபீஸில் நாள் முழுக்க எண்களைப் பார்க்கிறேன். அந்த எண்கள் யாரையும் இடித்துத் தள்ளுவதில்லை, யாரும் அவற்றுக்காகக் கத்துவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோல்வே என்கிற கட்டணச் சாலையில் வண்டியை விரட்டிக்கொண்டு பள்ளி ஸ்டேடியத்துக்குப் போனால்தான் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்த உடம்பில் ரத்தம் ஓடும். சித்தி பையன், என் தம்பி, அந்த அணியில் ஆடுகிறான்.

கையால் ஆடும் இந்த ஊர்க் கால்பந்தில் ஒன்று தெரிந்தால் போதும், மற்றதைச் சமாளித்துவிடலாம். பந்தை வைத்திருக்கும் அணி முன்னேற இரண்டே வழி. ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது ரன். தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறிவது பாஸ். எதிரணி ரன்னை எதிர்பார்த்தால் முன்னால் பாய வேண்டும், பாஸை எதிர்பார்த்தால் பின்னால் போக வேண்டும். எது வரும் என்று தெரியாமல் அவர்களைத் திண்டாட விடுவதில்தான் சூட்சுமம். அதற்காக இரண்டையும் சரிபாதியாகக் கலந்து ஆடும் அணியை பேலன்ஸ்டு என்பார்கள்.

எங்கள் அணி இந்த சீசனின் ஆரம்பத்திலேயே அப்படி ஒரு பேலன்ஸ்டு அணியாகிவிட்டது. போன வருடம் வரைக்கும் ரன், ரன், ரன் என்று சுவரில் முட்டிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பாதிக்குப் பாதி. முதல் இரண்டு ஆட்டமும் அமோகமாக ஜெயித்தார்கள். பெற்றோர் மத்தியில் அந்தச் சொல் தொற்று மாதிரி பரவியது. ஃபுட்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று தெரியாத சித்திகூட பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போனில், "எங்க டீம் பேலன்ஸ்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பியின் இடத்துக்கு டைட் எண்ட் என்று பெயர். வரிசையின் ஓரத்தில் நிற்க வேண்டும். ரன் என்றால் எதிரில் நிற்பவனை நெட்டித் தள்ள வேண்டும். பாஸ் என்றால் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். கல்யாண வீட்டில் வாசலில் சந்தனமும் கொடுத்து, பந்தியில் வாளியும் தூக்குகிற சொந்தக்காரப் பையன் மாதிரி, எல்லா வேலைக்கும் அவன்.

எங்கள் ஆட்களின் பிள்ளைகள் இங்கே ரோபோட் செய்வார்கள், டென்னிஸ் ஆடுவார்கள், மேடையேறிப் பாடுவார்கள். முழங்காலைப் பணயம் வைக்கிற ஆட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள். தம்பி அழுது அடம்பிடித்து உள்ளே போனான். போனவன் போன வருடம் வரை பெஞ்சைத் தேய்த்தான். இந்த வருடம்தான் முதல் ஆளாகக் களமிறங்குகிறான். இதுவே அவனுக்குப் பள்ளியில் கடைசி வருடம். கல்லூரியில் ஆடும் அளவுக்குத் தான் ஆள் இல்லை என்று அவனுக்கும் தெரியும். ஆக, அவனுக்கு வாழ்க்கையில் ஃபுட்பால் என்று இருப்பது இந்த இலையுதிர்காலம் மட்டும்தான். இந்த இடம் போனால் போனதுதான்.

நான் அந்த அணிக்கு எண்கள் பார்க்கிற தன்னார்வலர். ஒவ்வொரு ஆட்டத்தின் வீடியோவையும் எடுத்து, ரன்னா பாஸா, யார் எங்கே நின்றார்கள், என்ன கிடைத்தது என்று பிரித்து வைத்து, ஞாயிறு சாயங்காலம் கோச்சுக்குச் சொல்ல வேண்டும். யாரும் கேட்காமல் நானே போய்ச் சேர்ந்துகொண்ட வேலை. என் அவசரம் அப்படி.

அந்த மூன்றாவது ஆட்டத்தில் தோற்றோம். மறுநாள் சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். சமையலறையில் சித்தியின் மிக்ஸி அலறிக்கொண்டிருந்தது.

முதலில் மொத்தமாகப் பார்த்தேன். சரிபாதி. அழகான சரிபாதி. அந்த அழகிலேயே எனக்குச் சந்தேகம். சராசரி என்பது சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறை மாதிரி. எல்லாம் ஒழுங்காக இருந்தால் உள்ளறையில் என்னவோ திணித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒவ்வொரு விதமாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் பாதி, பின் பாதி, இடப்பக்கம், வலப்பக்கம். எங்கும் ஒன்றும் இல்லை. கடைசியில், மனசில்லாமல், டைட் எண்ட் இடத்தில் யார் நின்றார்கள் என்று பிரித்தேன். தம்பி களைத்தால் அவனுக்குப் பதில் இறங்குகிற ஜூனியர் பையன் ஒருவன் இருக்கிறான், பனைமரம் மாதிரி உயரம்.

ஜூனியர் நிற்கும்போது எதிரணி மண்ணில் நட்ட கம்பம் மாதிரி நின்றது. பந்து நகர்ந்த பிறகே நகர்ந்தது. தம்பி நிற்கும்போது மட்டும் பந்து நகர்வதற்கு முன்பே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பாஸ் என்றால் பின்னால், ரன் என்றால் முன்னால். கிட்டத்தட்ட ஒரு தடவைகூடத் தவறவில்லை. தம்பி இருக்கும்போது எங்கள் ரன்னும் போகவில்லை, பாஸும் போகவில்லை. தோல்விகூட பேலன்ஸ்டாகத்தான் இருந்தது.

இதை இப்படியே கோச்சிடம் கொடுத்தால் அவர் பார்க்கப்போவது ஒன்றுதான்: என் தம்பி உள்ளே வந்தால் அணி விழுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜூனியர் நிற்பான். தம்பி மறுபடியும் பெஞ்சில். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான்.

எண்ணைச் சந்தேகப்பட்டேன். முழுக்க மறுபடியும் பிரித்தேன், அதே பதில். கோச்சைச் சந்தேகப்பட்டேன், தம்பிக்கென்று சில வகை ஆட்டம், ஜூனியருக்கென்று வேறு வகை என்று வைத்திருக்கிறாரோ? இல்லை, இருவருக்கும் ஒரே கலவை. தம்பியின் காலைச் சந்தேகப்பட்டேன். பாஸ் என்றால் குதிகாலைத் தூக்குகிறானா, ரன் என்றால் தோளைச் சாய்க்கிறானா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வீடியோ மேலேயிருந்து எடுத்தது, ஆட்கள் எறும்பு மாதிரி. ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில், சொல்லவே கூசுகிறது, தம்பியையே சந்தேகப்பட்டேன். அவன் படியிறங்கி வந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"களத்துல எதிர் டீம் பசங்ககிட்ட ஏதாவது பேசுவியாடா?"

"பேசுவேனே. யூ சக்-னு சொல்வான், நானும் சொல்வேன்." தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பது அவன் வழக்கம். "ஏன்?"

"சும்மாதான்."

"அக்கா, நீ சும்மா எதையும் கேக்க மாட்ட." கண்ணாடி டம்ளருக்கு மேலே அவன் கண் என்னையே பார்த்தது. இப்போது அவன் என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தான். "ஈஸ் இட் மீ?"

நான் லேப்டாப்பை மூடினேன். அவன் டம்ளரைக் கழுவாமல் சிங்கில் வைத்துவிட்டுப் போனான். சித்தி வீட்டில் அப்படி வைப்பது மிகப்பெரிய எதிர்ப்பு.

அப்போதுதான் பைனாகுலர் ஞாபகம் வந்தது.

அந்த அங்கிள் எங்கள் பள்ளிக்காரரே இல்லை. வீடு டோல்வேக்கு அந்தப் பக்கம். மகள் படிப்பது வேறு பள்ளியில், அங்கே பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறாள். அந்தப் பள்ளியோடுதான் வருகிற வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆட்டம். அப்படிப்பட்டவர் எங்கள் ஆட்டத்துக்கு எதற்குத் தவறாமல் வருகிறார்? எங்கள் பெற்றோர் நடுவில் உட்கார்ந்து, எங்கள் எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டு, பைனாகுலரைத் தம்பி பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு? பந்து இடப்பக்கம் போனாலும் அவர் தலை வலப்பக்கம். நான் கவனித்திருக்கிறேன். கவனித்ததை இப்போதுதான் கோத்தேன்.

ஞாயிறு காலை தமிழ் வகுப்பு. சித்தி அங்கே சிறு பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தருகிறாள். நான் அட்டைகளும் பையும் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். அங்கிளும் சின்ன மகனை விட வருவார். வகுப்பு முடியும்வரை வேனின் பின்கதவைத் திறந்து போட்டு, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டு நிற்பார். அன்று நேராக அவரிடம் போனேன்.

"வாம்மா. காபி?"

"வேணாம் அங்கிள். நீங்க எங்க மேட்ச் ஒண்ணையும் விடறதில்லயே."

"ஆமா. நல்லா இருக்குல்ல."

"உங்க பொண்ணு ஸ்கூல் மேட்ச்சும் அதே வெள்ளிக்கிழமைதானே?"

அவர் காபியை ஊதினார். "அவ ஹாஃப் டைம்லதான் வாசிப்பா. அங்க அவ அம்மா போயிடுவா. எனக்கு அந்தச் சத்தம் தலைவலி."

டிரம்பெட் வாசிக்கிற பெண்ணைப் பெற்றவர் சொல்கிற பேச்சா இது? "பைனாகுலர்ல யாரைப் பாப்பீங்க?" என்றேன். வார்த்தை போலீஸ்காரத்தனமாக வந்துவிட்டது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அல்லது கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்க தம்பியத்தான். நம்ம புள்ள ஒருத்தன் அந்தத் தடியனுங்க நடுவுல நிக்கறான், அவனைப் பாக்காம வேற யாரைப் பாக்கறது? அதுவும் அவன் குனிஞ்சு தரையத் தொட்டுக் கும்புட்டுட்டு ஓடறான் பாரு... கண்ணு கலங்கிடும்மா எனக்கு. இந்த ஊர்ல பொறந்த புள்ள. யாரு செய்றா இப்ப?"

எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. தரையைத் தொட்டுக் கும்பிடுவான், ஆமாம், அதற்கென்ன? பிறகு கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையுமா அங்கிள்?"

"எது?"

"தரையைத் தொடறது. ஒவ்வொரு தடவையும் தொடறானா?"

"இல்ல இல்ல." அவர் பெருமையாகக் கையை ஆட்டினார். "பந்து பிடிக்க ஓடறப்ப மட்டும். சும்மா முட்டித் தள்ளற வேலைன்னா தொட மாட்டான். நேரா உக்காந்துடுவான்."

காபி வாசனை, பிள்ளைகள் 'அ, ஆ' என்று கத்துகிற சத்தம், பார்க்கிங் லாட் வெயில், எல்லாம் அப்படியே நின்றது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்லப் போறேன்? என் பொண்ணுகிட்ட சொன்னேன். உன்னை மாதிரியாடி, பாரு அந்தப் பையன் எவ்ளோ பக்தின்னு."

எதிரணிப் பள்ளியில் டிரம்பெட் வாசிக்கிற பெண்ணிடம். நான் காரைப் பார்த்துத் திரும்பினேன். "காபி குடிக்கலயேம்மா!" என்று பின்னால் அவர் குரல் வந்தது.

காரில் உட்கார்ந்து போனில் வீடியோவைத் தட்டி, தம்பி நிற்கும் ஓரத்தை மட்டும் பெரிதாக்கினேன். பாஸ்: தம்பி வந்து குனிகிறான், விரல் நுனியால் தரையைத் தொடுகிறான், ஹெல்மெட் கம்பியில் ஒற்றிக்கொள்கிறான், பிறகு கையை ஊன்றி, பாயத் தயாராகும் நிலைக்கு வருகிறான். ரன்: வருகிறான், கையை ஊன்றுகிறான். அவ்வளவுதான். பாஸ்: தொடுகிறான். ரன்: இல்லை. முதல் ஆட்டத்திலிருந்தே இப்படித்தான். அப்போது எங்கள் வீடியோ யாரிடமும் இல்லை, தப்பித்தோம். இங்கே பள்ளிகள் ஆட்ட வீடியோக்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது வழக்கம். மூன்றாவது ஆட்டத்துக்காரர்கள் எங்கள் முந்தைய ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அது கும்பிடு என்று தெரியாது. கையை எங்கோ கொண்டுபோகிறான், போனால் பாஸ், போகாவிட்டால் ரன். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

காலைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன், குதிகாலைப் பார்த்தேன். கண்ணெதிரே நடந்ததைப் பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்தால் வெட்கமாக இருந்தது. ஒருவர் கும்பிடும்போது நம் கண் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. கோயிலில் பக்கத்தில் நிற்பவர் கண்ணை மூடினால் நாம் அவர் முகத்தையா பார்த்துக்கொண்டிருப்போம்? நானே தினமும் காலையில் டோல்வேயில் ஏறுமுன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். என்றைக்காவது அதை ஒரு செயலாக நினைத்திருக்கிறேனா? மூச்சு விடுவதை யார் எண்களில் சேர்ப்பார்கள்?

அன்று மதியம் வீட்டு முன்னால் கார் நிற்கும் டிரைவ்வேயில் தம்பியை நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னேன். வீடியோவைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"பாஸ்னா மட்டும் ஏன்டா?"

"பாஸ்னா பந்து எனக்கு வரும். டிராப் பண்ணிடுவேனோன்னு பயம்." தரையைப் பார்த்தபடி சொன்னான். "ரன்னுக்கு என்ன? முன்னாடி நிக்கறவனை இடிக்கணும். அதுக்கெல்லாம் சாமிய டிஸ்டர்ப் பண்ணணுமா?"

"சரி. விட்டுடு. இனிமே தொடாதே."

"ட்ரை பண்ணேன் அக்கா. போன வருஷம் பிராக்டீஸ்ல. கை ஃபுல்லா சோப்பு தடவின மாதிரி ஆயிடும். ஐ காண்ட்."

"அப்ப மாத்தி செய். ரன்னுக்குத் தொடு, பாஸுக்குத் தொடாதே. அவனுங்க ஏமாந்து போவானுங்க." எனக்கே என் மூளை பிடித்திருந்தது. "பாஸுக்கு வேணா மனசுக்குள்ள கும்பிட்டுக்கோ."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ரன்னுக்குப் பொய்யா கும்புடச் சொல்றியா? தட்ஸ் லையிங். சாமிகிட்டயே."

சித்தி இந்த நேரம் கேரேஜ் வழியாகக் குப்பை எடுத்து வந்தவள், பையைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன, என்ற பையன் சாமி கும்புட்டதுனாலதான் தோத்தீங்களாமா? நல்லா இருக்குது கதை! கால் வெக்கற மண்ணத் தொட்டுக் கும்புட்டுட்டு எறங்குனு சொல்லித்தான் நான் உட்டேன். அதையும் நிறுத்தோணுமாக்கும்?"

"சித்தி, அது மண்ணே இல்ல. பிளாஸ்டிக் புல்லு."

"கல்லு சாமியாகுமாம், பிளாஸ்டிக்கு ஆகாதாமா? படிச்சவ பேசறா பாரு."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்தது அந்த வார இறுதியில் அதுதான் முதல் தடவை. சித்தி போகவில்லை. யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனிடம், என்னிடம் இல்லை, கேட்டாள்: "ஏஞ்சாமி, நீ முட்டித் தள்றப்ப உனக்குப் பின்னால ஒருத்தன் பந்தத் தூக்கீட்டு ஓடறானே, அந்தக் கருப்புப் பையன், நம்மூட்டுல வந்து தோசை தின்னானே. அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு உனக்கு இருக்காதா?"

அந்தப் பையன்தான் ரன்னில் ஓடுகிறவன், தம்பிக்கு உயிர் நண்பன். போன வருடம் அவன் முழங்கால் பிசகிப் படுத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அவன் முட்டிக்காக," என்றான் தம்பி மெதுவாக. "அது பொய் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆனா அவங்க அதைப் பாத்து பாஸ்னு நெனச்சா? அது சீட்டிங்கா?"

"நீ நெஜமா கும்புடற. அவங்க தப்பா படிச்சா அது அவங்க பாடு."

அரை மனசோடு தலையாட்டினான். உடனே ஒத்திகை. நான் 'ரன்' என்று கத்துவேன், அவன் வந்து குனிய வேண்டும். முதலில் பழக்கதோஷத்தில் நேராகக் கையை ஊன்றினான். "தொடு சாமி, தொடு!" என்று சித்தி கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நடந்து போனார். அவரையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். அந்த நாளில் நான் யாரையும் விட்டுவைக்கவில்லை.

சாயங்காலம் கோச்சிடம் வீடியோ காலில் பேசினேன். எண்களைக் காட்டியதும் அவர் முகம் நான் பயந்தபடியே ஆனது. ஜூனியரை இறக்கினால் தீர்ந்தது என்று அவர் கை அப்போதே எதையோ எழுதப் போனது. நான் அவசரமாக வீடியோவை ஓட்டி, தொடுவதையும் தொடாததையும் வரிசையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருகில் வந்து பார்த்தார். ஹெல்மெட்டைச் சரிசெய்கிறான் என்றுதான் தானும் நினைத்ததாகச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, நேராகக் கேட்டார்: அவன் உன் தம்பிதானே?

ஆமாம் என்றேன். அதனால்தான் எண்ணை மட்டும் கொடுக்காமல் வீடியோவையும் கொடுக்கிறேன், நீங்களே பாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே சந்தேகத்துக்கு இடமானதாகக் கேட்டது. ஜூனியரின் அக்கா இந்த வேலையில் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் தேடியிருப்பாளா? அதை அவரும் யோசித்திருப்பார். சொல்லவில்லை.

நிறுத்தச் சொல், தீர்ந்தது என்றார். ஏன் முடியாது என்று விளக்கினேன். சோப்பு தடவின கை, நண்பனின் முழங்கால், எல்லாவற்றையும். அவரும் ஆட்டத்துக்கு முன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக, தனியாகத் தலை குனிந்து நிற்கிறவர்தான். ஆட்டத்தின் முதல் கால்பகுதி, என்றார் கடைசியில். அதுவரைக்கும் அவன் நிற்கட்டும். அப்போதும் எதிராளிகள் பந்துக்கு முன்னால் நகர்ந்தார்கள் என்றால் ஜூனியர் இறங்குவான், சீசன் முழுக்க.

தம்பியிடம் சொன்னேன். "ஃபேர்" என்றான். மாடிக்குப் போனவன் திரும்பி இறங்கி வந்து, அன்றைக்கும் சிங்கில் விட்டிருந்த டம்ளரைக் கழுவி வைத்தான்.

இன்று வியாழன். தினமும் சாயங்காலம் டிரைவ்வேயில் ஒத்திகை நடந்துவிட்டது. இப்போது அவன் ரன்னோ பாஸோ தொடாமல் நிலைக்கு வருவதில்லை. ஆனால் டிரைவ்வேயில் யாரும் அவன்மேல் பாய்வதில்லையே. வெளிச்சமும் கூச்சலும் டிரம்பெட்டும் சேர்ந்தால் பழைய கை திரும்பி வருமோ என்று எனக்கு இருக்கிறது. காலையில் அந்த அங்கிள் வேறு சித்திக்கு போன் பண்ணி, நாளைக்கு எந்த வரிசையில் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மகள் பள்ளிக்காரர்கள் பக்கம் உட்கார மாட்டாராம், அங்கே சத்தமாம். சித்தி அவருக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டுவதாகச் சொல்லிவிட்டாள்.

நல்லது. நாளைக்கு நான் லேப்டாப்பைத் தொடப்போவதில்லை. அங்கிளுக்குப் பக்கத்திலேயே உட்காரப் போகிறேன். எங்களுக்குப் பந்து கிடைத்ததும் முதல் முயற்சியை ரன்னாக வையுங்கள் என்று கோச்சிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். தம்பி நண்பனின் முழங்காலை நினைத்துக் குனிந்து தரையைத் தொடுவான். அப்போது நான் பந்தைப் பார்க்க மாட்டேன், தம்பியையும் பார்க்க மாட்டேன். எதிரில் நடுவில் நிற்கிறவனின் காலைப் பார்ப்பேன். அது பின்னால் போனால், தொட்டால் பாஸ் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, அவன் காலியாக விட்ட இடத்தில் தோசை தின்ற பையன் ஓடிக்கொண்டே இருக்கலாம். அசையாமல் நின்றால், என் தம்பிக்கு இடம் மிச்சம். முன்னால் பாய்ந்தால்?

முன்னால் பாய்ந்தால், கும்பிடு இல்லாமல் வேறு ஏதோ ஒன்று அவனைக் காட்டிக்கொடுக்கிறது, பைனாகுலரை வாங்கி ஒரு தடவை நானும் பார்க்க வேண்டும்.